காரீயமும் ஸர்க்காரும்

வருஷந்தோறும் செப்டம்பர் மாதம் 1-ந் தேதி நெற்கட்டான்செவலில் பூலித்தேவருடைய பிறந்த நாள் கொண்டாடப்படுகிறது. மந்திரிகள் வருகிறார்கள், எதிர்க்கட்சித் தலைவர்களும் வருகிறார்கள். அன்று வாசுதேவநல்லூர் ரஸ்தா மோட்டார் வண்டிகளால் நிரம்பிவிடுகிறது. இந்த மரியாதையை நாம் குறை கூறவில்லை. 1755-ம் வருஷத்தில் கர்னல் ஹெரான் படையோடு வந்து கப்பம் கேட்டபோது கொடுக்க முடியாதென்று சொல்லி, பெரிய பீரங்கிகளும் உணவுப் பொருள்களும் போதாத அப்படையைத் திரும்பிப் போகும்படி செய்த பாளையக்காரருக்கு நாம் எவ்வளவு மாலை போட்டாலும் தகும். ஆனால் அந்தப் பாளையங்களில் வேலும் வல்லயமும் ஏந்தியவர்களோடு திரித் துப்பாக்கி பிடித்தவர்களும் இருந்தார்கள். துப்பாக்கிக்குக் குண்டு வேண்டும். குண்டுக்குக் காரீயம் வேண்டும். அந்தக் காரீயத்தை அடுப்பில் ஏற்றி, உருக்கி, கசடு நீக்கி, அச்சில் வார்த்த மனிதனைப் பற்றி எந்த மேடையிலும் ஒரு வார்த்தை பேசக் கேட்டதில்லை. அவனைப் பற்றியும், அவனுடைய தொழிலை இன்று வேறு உருவத்தில் செய்து வருகிறவர்களைப் பற்றியும் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

தென்பாண்டிச் சீமையில் காரீயச் சுரங்கம் கிடையாது. கப்பலில் வந்து இறங்கிய சரக்குகளில் அது ஒன்று. கொண்டுவந்தவர்களோ கம்பெனியார் முதலிய ஐரோப்பிய வியாபாரிகள். ஆகையால் உடைந்தது, தேய்ந்தது, ஒரு முறை சுட்டுப் பொறுக்கியது ஆகிய எல்லாவற்றையும் மீண்டும் உருக்கியே தீரவேண்டிய நிர்ப்பந்தம் இருந்தது. வாசுதேவநல்லூர்க் கோட்டையைப் பிடிக்க வந்த யூசுப் கான் முதலில் பின்வாங்க நேர்ந்ததும், 1761-ல் அக்கோட்டையும் நெற்கட்டான்செவலும் பனையூரும் விழுந்ததும், அவன் தூக்கிலிடப்பட்ட பின்னர் 1767-ல் கர்னல் காம்பெல் மறுபடியும் வாசுதேவநல்லூரை முற்றுகையிட வேண்டியிருந்ததும் சரித்திரம் அறிந்த விஷயங்கள். மண் சுவருக்கு உள்ளேயிருந்து இத்தனை வருஷம் எதிர்த்து நின்றவர்களுக்குக் கம்பெனியின் ஆயுதக் கிடங்கு இல்லை. கரியடுப்பும் கரண்டியும் அச்சுமே அவர்களுடைய கிடங்கு.

அந்தத் தொழில் எளிதென்று நினைப்பவர்கள் அதைக் கண்ணால் பார்த்திராதவர்கள். காரீயம் 327 டிகிரியில் உருகிவிடும். வீட்டு அடுப்பே போதும். அது மிகவும் கனமான உலோகமாதலால் மண், கரி, செம்புத் துண்டு, ஏன், இரும்பு ஆணி கூட அதன்மேல் மிதக்கும். அவற்றைக் கரண்டியால் ஒதுக்கிவிடலாம். கஷ்டம் அதற்குப் பிறகுதான். உருகிய காரீயத்தின் முகத்தில் காற்றுப் பட்டவுடன் சாம்பல் நிறமான ஆடை ஒன்று படர்கிறது. அறியாதவன் அதையும் அழுக்கென்று வழித்து எறிவான். அதுவோ அழுக்கு மட்டுமல்ல. காற்றோடு கலந்து பஸ்பமான உலோகமும் அதில் இருக்கிறது. வெள்ளீயம் கலந்த காரீயமானால் முதலில் பஸ்பமாவது வெள்ளீயமே. அதை வழித்தால் உலோகத்தின் கடினமும் அச்சில் ஓடிப் பாயும் குணமும் அதனோடு போய்விடும். ஆகவே கைகண்டவன் ஒரு துண்டு தேன்மெழுகோ, கொழுப்போ, குங்கிலியமோ, ஒரு பிடி மரத்தூளோ போட்டு அடிவரையில் கிளறுகிறான். புகை எழுகிறது, சில சமயம் தீயும் பற்றும். மெழுகிலும் தூளிலும் உள்ள கரி, பஸ்பத்திலிருந்து காற்றைப் பறித்துக்கொண்டு வெள்ளீயத்தை மறுபடியும் உலோகமாக்கிவிடுகிறது. உலோகத்தின் முகம் வெள்ளி போல் பளபளக்கும். அப்போது மேலே மிஞ்சி நிற்கும் கறுப்புத் தூளே மெய்யான கசடு. தட்டானுக்கு வெங்காரம் எப்படியோ, பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவனுக்கு நவச்சாரம் எப்படியோ, குண்டு வார்ப்பவனுக்கு மெழுகு அப்படி. (ரஸம் வைக்கும் ஈயச் செம்பு வெள்ளீயம், குண்டு காரீயம். இரண்டையும் 'ஈயம்' என்ற ஒரே பேரால் அழைத்து வருவது நம் பாஷையில் உள்ள அபாயகரமான சிக்கனம். காரீயம் கலந்த பாத்திரத்தில் புளி ரஸம் வைப்பது விஷத்தைக் கரைத்துக் குடிப்பதாகும்.)

அபாயங்கள் இரண்டு. ஒன்று உடனே தெரிவது. கரண்டியில் ஒரு சொட்டு ஈரம் இருந்து அது காரீயத்துக்கு அடியில் போய்விட்டால், அக்கணமே ஆவியாகி உலோகத்தை முகத்தில் வாரி அடிக்கும். கண் போனவர்கள் உண்டு. மற்றொன்று மெல்லக் கொல்வது. சூடு அளவு கடந்தால் காரீயப் புகை எழும். புகையைவிடப் பெரிய சத்துரு, வழித்து எடுத்த அந்தக் கறுப்புத் தூள். அது கையில் ஒட்டுகிறது. வேஷ்டியில் ஒட்டி வீட்டுக்குள் வருகிறது. கை கழுவாமல் உண்ணும் சோற்றோடு உள்ளே போகிறது. தவழும் குழந்தை தரையைத் தொட்ட விரலை வாயில் வைத்துக்கொள்கிறது. பெரியவர்களைப்போல் நாலைந்து மடங்கு காரீயத்தைக் குழந்தையின் வயிறு ஏற்றுக்கொள்ளுமென்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் கூறுகின்றனர். இன்ன அளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாதென்பதும் அவர்கள் முடிவு. வயிற்று வலி, ரத்தக் குறைவு, மணிக்கட்டு தளர்ந்து தொங்குதல், குழந்தைக்கானால் புத்தி மந்தம். போன புத்தி திரும்புவதில்லை.

இனி ஸர்க்கார்கள் காரீயத்தை எப்படிப் பார்த்தார்களென்று கவனிப்போம். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட 1799-லும், தென்பாண்டியின் கடைசிப் பெரும் கிளர்ச்சி ஒடுங்கிய 1801-லும், பாளையங்களில் கோட்டைகளை இடிக்கும்படியும் ஆயுதங்களை ஒப்படைக்கும்படியும் கம்பெனியார் பிரகடனம் செய்தார்கள், மீறினவர்களுக்குக் கடுந்தண்டனை. 1878-ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டத்திலோ காரீயத்தின் பேரே இடம்பெற்றது. காரீயம், கந்தகம், வெடியுப்பு மூன்றும் குண்டு மருந்தாகக் கருதப்படமாட்டா. ஆனால் கவர்னர் ஜெனரல் வேண்டும்போது அவற்றை ராணுவச் சாமான்களாக அறிவிக்கலாம் என்று எழுதி வைத்தார்கள். ஒரு பிடி காரீயம் தங்களுக்கு என்ன செய்யக்கூடும் என்பதை அவ்வளவு நுட்பமாக எண்ணிப் பார்த்தவர்கள், அதை உருக்குகிறவனுக்கு அது என்ன செய்கிறதென்பதை எண்ணவில்லை. அரை நூற்றாண்டு கழிந்து 1923-ல் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் வந்தபோதுதான் காரீய விஷம் தொழிலால் வரும் வியாதியென்று ஒப்புக்கொள்ளப்பட்டது. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் அவ்வியாதியை ஸர்க்காருக்கு அறிவிக்க வேண்டியவற்றில் ஒன்றாகச் சேர்த்தது. நல்லதே. ஆனால் அச்சட்டம் யந்திர சக்தி இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் வேலை செய்யும் இடத்தையே பொதுவாகத் தொழிற்சாலை என்றது. தகப்பனும் மகனும் கொல்லைப்புறத்தில் வைத்திருக்கும் அடுப்பு அதற்குள் வரவில்லை.

தேசியவாதிகளான நாமும் இதில் குற்றமற்றவர்களல்ல. ஆயுதச் சட்டத்தைக் காங்கிரஸ் இடைவிடாது கண்டித்து வந்தது. 1930-ல் காந்தியடிகள் வைஸ்ராய்க்கு விடுத்த 11 கோரிக்கைகளில், தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டுமென்பதும் ஒன்று. அக்கோரிக்கைகளை அச்சடித்த பத்திரிகைகள் எதனால் அச்சாயின? காரீயமும் அந்திமனியும் வெள்ளீயமும் கலந்த எழுத்துக்களால். தேய்ந்த எழுத்தை உருக்கி, கசடு வழித்து, மறுபடி வார்க்கும் வேலை அச்சுக்கூடத்தின் பின்கட்டில் நடந்துகொண்டேயிருந்தது. முன்கட்டில் சுதந்திரத்தைப் பற்றித் தலையங்கம் எழுதியவர்களில் பின்கட்டுப் புகையைப் பற்றி எழுதியவர்கள் அபூர்வம்.

இன்று குண்டு வார்ப்பவர்கள் சொற்பம். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இன்றித் தோட்டாவோ குண்டோ செய்வது குற்றம். அது தளரவேண்டுமென்று நாம் கேட்கவில்லை. மலையடிவாரத்தில் பன்றி பயிரை அழிக்கிறதென்று கள்ளத் துப்பாக்கிக்குக் குண்டு வார்ப்பவன் கதவைச் சாத்திக்கொண்டு வார்க்கிறான் என்பதையும், அந்தப் புகை முழுதும் அவன் வீட்டுக்குள்ளேயே தங்குகிறதென்பதையும் மாத்திரம் சொல்லி வைக்கிறோம். அமெரிக்காவில் இது சட்டம் அனுமதிக்கும் பொழுதுபோக்கு; அங்கே இதற்கென்று அச்சிட்ட கையேடுகள் வெளியில் காற்றோட்டத்தில் உருக்கு, உருக்கும் இடத்தில் உண்ணாதே, கையைக் கழுவு என்று போதிக்கின்றன. பழைய பாட்டரித் தகட்டை அந்தப் பாத்திரத்தில் போடவே கூடாதென்று அனுபவசாலிகள் எச்சரிக்கிறார்கள். தகட்டிலுள்ள அந்திமனியும் பாஷாணமும் கசடோடு சேர்ந்து, அதில் ஈரம் பட்டால் கொடிய விஷ வாயு எழக்கூடும் என்பதே காரணம்.

அங்கே பொழுதுபோக்குக்காரனும் தொட அஞ்சும் அந்தத் தகட்டை நம் நாட்டில் ஏழைகள் வயிற்றுப் பிழைப்புக்காக உருக்குகிறார்கள். உலகத்துக் காரீயத்தில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் இப்போது பாட்டரிக்கே போகிறது. பழசானதை உடைத்து, திராவகத்தை மண்ணில் கொட்டி, தகட்டைக் கரியோடு போட்டு உருக்கினால் அன்றைக்கே காசு. கடற்கரைக் கிராமங்களில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு வார்க்கும் அடுப்பும் வீட்டுக்குப் பக்கத்திலேதான் எரிகிறது. இதன் முடிவு எங்கே போய் நிற்குமென்பதற்கு ஆப்பிரிக்காவில், செனெகல் நாட்டுத் தலைநகரான டக்காரை அடுத்த தியாரோய் என்னும் கடலோரக் குடியிருப்பு சாட்சி. பாட்டரிக் காரீயம் கலந்த மண்ணை அவ்வூரார் கிளறிச் சலித்து விற்று வந்தார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச்சு வரையில் 18 குழந்தைகள் அங்கே மாண்டனர். இந்தியாவில் 27 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் கவலைக்கிடமான அளவு காரீயம் இருக்கக்கூடுமென்று 2020-ல் யூனிசெப் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. மதிப்பீடுதான், ஆயினும் அதில் பாதியே உண்மையானாலும் ஒரு ஸர்க்கார் தூங்கக் கூடாது.

பாட்டரிகளைப் பற்றி 2001-ல் விதிகள் செய்தார்கள். 2022-ல் வேறு விதிகள் வந்தன. பழைய பாட்டரி பதிவு பெற்ற ஆலைக்கே போகவேண்டுமென்பது விதி. பழைய இரும்புக் கடைக்காரன் இரண்டு காசு கூடக் கொடுத்தால் எங்கே போகுமென்பது ஊரறிந்த ரகசியம். போலீஸை அனுப்பி அடுப்பை உடைக்கலாமென்று சிலர் யோசனை கூறுகிறார்கள். அடுப்பு உடையும், மறுவாரம் அதே அடுப்பு இன்னும் உள்ளே, படுக்கையறைக்குப் பக்கத்தில் எரியும். 1801-ல் கம்பெனியார் கையாண்ட அதே வழி அல்லவா இது? உருக்குகிறவர்களைக் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்த்து, ஊருக்கு வெளியே புகைபோக்கியுள்ள கொட்டகையும், மாற்றுத் துணியும், குளிக்கத் தண்ணீரும் கொடுத்து, பாட்டரித் தகட்டை உருக்காமல் பதிவு பெற்ற ஆலைக்கு நியாயமான விலைக்கு விற்கும்படி செய்ய வேண்டும். வழித்த கசடும் அப்படியே ஆலைக்குப் போகவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைகளின் ரத்தத்தைக் காரீயத்துக்காகப் பரிசோதிக்க ஏற்பாடு வேண்டும். ஒரு சொட்டு ரத்தமும் கைக்கு அடக்கமான ஒரு கருவியும் போதும், முடிவு சில நிமிஷங்களில் தெரிந்துவிடும்.

தென்காசி ஜில்லாவில் பொதுக் காரியத்தில் ஈடுபட்டுள்ள வாலிபர்கள் செப்டம்பர் முதல் தேதியன்று நெற்கட்டான்செவலுக்குப் போகாமலிருக்க மாட்டார்கள். போகும் வழியில் பழைய இரும்புக் கடைகளில் குவிந்திருக்கும் பாட்டரிகள் யாரிடம் போகின்றன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். அடுத்த மாதம் 2-ந் தேதி கிராம சபை கூடுகிறது. விசாரித்து அறிந்ததைத் தீர்மானமாக எழுதிக் கலெக்டருக்கு அனுப்ப அன்றே சௌகரியம் இருக்கிறது.