படம் பொய் சொல்லாதா?

பாப்பாரப்பட்டி சுப்பிரமணிய சிவா கடைசியாக வாழ்ந்த ஊர். 1925 ஜூலை 23-இல் அவர் கண் மூடியதும் இங்கேதான். தோழர்களே, சிவா என்றதும் உங்கள் கண் முன் வருவது யார் முகம்?

பலருக்கு டி.கே. சண்முகத்தின் முகம்தான். 1961-இல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் சிவாவாக நடித்தவர் அவர். அது கதைப்படம் என்று எல்லோருக்கும் தெரியும். அதில் மோசடி இல்லை. ஆனால் இப்படிப்பட்ட நடிப்புக் காட்சியை எடுத்து, பழைய படம் போலக் கீறலும் புள்ளியும் ஏற்றி, “இது வரலாற்று ஆவணம்” என்று காட்டினால்? அது பித்தளைக்குப் பொன்முலாம் பூசி விற்கும் வேலை!

நம் வீட்டுக் குறையையும் சொல்ல வேண்டும். 1917 ரஷ்யப் புரட்சியில் மக்கள் குளிர்கால மாளிகைக்குள் பாயும் காட்சியை ஆவணப் படங்கள் பலவற்றில் பார்த்திருப்பீர்கள். அது அன்று பிடித்த படமல்ல. ஐசன்ஸ்டைன் பத்தாண்டு கழித்து ‘அக்டோபர்’ படத்துக்காக நடிக்கவைத்து எடுத்தது. புரட்சி நடந்தது உண்மை. அந்தக் காட்சி நடிப்பு. உண்மை நம் பக்கம் இருக்கும்போது பொய்யின் துணை எதற்கு?

பாடுபட்டு உண்மையைத் தேடியவரும் தமிழ்நாட்டில் உண்டு. ஏ.கே. செட்டியார் உலகமெல்லாம் அலைந்து, காந்தியைப் பலர் பல காலத்தில் பிடித்த படச்சுருள்களைத் திரட்டி, 1940-இல் தமிழ் விளக்கவுரையோடு வெளியிட்டார். அதே படம் 1953-இல் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வேறு விதமாகத் தொகுக்கப்பட்டது. தமிழ் மூலமோ நெடுங்காலம் மக்கள் கண்ணில் படவில்லை. படச்சுருள் மெய்யாகவே இருக்கலாம். ஆனால் கத்தரிக்கோல் யார் கையில், பின்னணிக் குரல் யாருடையது என்பதைப் பொறுத்துக் கதை மாறும்!

1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சிவாவும் அவர்களோடு நின்றார்கள். மார்ச் 12-இல் இருவரும் கைதானதும் திருநெல்வேலி கொதித்து எழுந்தது. அந்த நாட்களைப் பற்றி நமக்குப் பெரும்பாலும் எஞ்சியிருப்பவை போலீஸ் அறிக்கைகளும் கோர்ட்டுத் தாள்களும். எழுதியவன் யார்? சிவாவைச் சிறைக்கு அனுப்பியவன். அவன் “கலகக் கும்பல்” என்று எழுதியதை, இன்றைய படம் கம்பீரக் குரலில் அப்படியே வாசித்தால், வெள்ளைக்காரன் போன பிறகும் அவன் சாட்சியே நிற்கும். தலைவர்களை மட்டும் காட்டி, வேலையை நிறுத்திய தொழிலாளர்களை விட்டுவிட்டால் அதுவும் பொய்தான். வாய் திறக்காமல் சொன்ன பொய்.

இன்று கணினி, இறந்தவரையும் திரையில் பேசவைக்கிறது. ஆகவே நாம் கேட்பது இதுதான்: நடிப்புக் காட்சி என்றால் “நடிப்பு” என்று திரையிலேயே எழுது. மெய்யான படம் என்றால் எங்கே, எந்த ஆண்டு, யார் எடுத்தது என்று சொல். படம் இல்லையென்றால் இல்லை என்று ஒப்புக்கொள்.

கூலி வாங்கும்போது எண்ணிப் பார்த்து வாங்குகிறோம். வரலாற்றை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?