கையெழுத்து முதலில், காசு அப்புறம்! ஏமாந்து நிற்கும் தொழிலாளிகள்

"எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. கணக்கை முடிச்சு அனுப்புறோம்."

சென்னையில் வேலை பறிபோகும் பலர், கம்பெனியை விட்டு வெளியே வரும்போது கேட்கும் கடைசி வார்த்தை இதுதான். நம்பி எழுதிக் கொடுக்கிறார்கள். பிறகு நடையாய் நடக்கிறார்கள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை. அங்கே 19 வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் ஒருவர். வயது 54. மாதச் சம்பளம் 26 ஆயிரம் ரூபாய். கொரட்டூரில் வாடகை வீடு.

பட்டறைக்கு ஆர்டர் குறைந்தது. ஆளைக் குறைக்க முடிவு செய்தார்கள். மானேஜர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். காபி வரவழைத்தார்.

"அண்ணே, நீங்க மூத்தவர். உங்களை நாங்களா நிறுத்தினா நல்லா இருக்காது. நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க. கிராஜுவிட்டி தனி. அதுக்கு மேல வருஷத்துக்கு ஒரு மாசச் சம்பளம். முதலாளியே சொல்லிட்டார்" என்றார்.

19 மாதச் சம்பளம் என்றால் 4 லட்சத்து 94 ஆயிரம் ரூபாய்! அவருக்குக் கண் கலங்கி விட்டது. மானேஜர் சொல்லச் சொல்ல எழுதினார். "என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்" என்று முடித்து, கையெழுத்துப் போட்டார்.

"எழுத்துல இருக்கா?"

வரப்போகும் பணத்தை நம்பி, சின்னதாக ஒரு ஸ்டேஷனரி கடை பிடித்தார். ஒரு லட்சம் ரூபாய் அட்வான்ஸ். அதுவும் வட்டிக்கு வாங்கியது.

முதல் மாதம் போய்க் கேட்டார். "முதலாளி ஊரில் இல்லை" என்றார்கள். இரண்டாவது மாதம், "ஆடிட்டர் பார்த்துக்கிட்டு இருக்கார்." மூன்றாவது மாதம் மானேஜரின் முகமே மாறி விட்டது.

"கம்பெனி நிலைமை சரியில்லை. கிராஜுவிட்டி மட்டும்தான். அதுவும் தவணையிலதான்."

"சார், நீங்கதானே சொன்னீங்க..."

"நான் என்னய்யா சொன்னேன்? எழுத்துல இருக்கா?"

அடுத்த வாரம் போனபோது வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. தினமும் சலாம் வைத்தவர்தான். "அண்ணே, உள்ளே விடக் கூடாதுன்னு உத்தரவு" என்று தலையைக் குனிந்து கொண்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் சூழ்ச்சி இருக்கிறது. முதலாளி தன் தேவைக்காக ஆளைக் குறைத்தால் அதற்கு ஆட்குறைப்பு என்று பெயர். ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தவரை அப்படி அனுப்ப வேண்டுமானால், ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும். அல்லது ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். அதோடு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. 1947 ம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் இருந்த கணக்கு இது. 2025 நவம்பர் 21 ந் தேதி முதல் அந்தச் சட்டம் போய், தொழில் உறவுத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறியது. இந்தக் கணக்கு மாறவில்லை.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இழப்பீட்டைக் கொடுத்து விட்டுத்தான் ஆளை வெளியே அனுப்ப வேண்டும். முதலில் காசு; பிறகுதான் வாசல்!

ஸ்டோர் கீப்பர் கணக்கில் இது சுமார் 2 லட்சத்து 47 ஆயிரம் ரூபாய். யாரும் கருணை காட்டித் தர வேண்டிய பணம் அல்ல இது. சட்டப்படி அவருடைய பணம். ஆனால் ராஜினாமா கடிதம் கொடுத்தவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. "அவரே போனார்" என்று கடிதத்தைக் காட்டி விடுவார்கள். மிரட்டி வாங்கினார்கள், ஆசை காட்டி வாங்கினார்கள் என்றால், அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

ஆக, இரண்டு மடங்கு தருவதாகச் சொல்லி, கையில் இருந்த ஒரு மடங்கையும் பிடுங்கி விட்டார்கள். ஒரு காபி செலவில்!

கூட்டம் இருந்தால் குரல் உண்டு

2021 செப்டம்பரில் போர்டு கார் கம்பெனி, மறைமலைநகர் தொழிற்சாலையை மூடப் போவதாக அறிவித்தது. அங்கே தொழிற்சங்கம் இருந்தது. இழப்பீட்டுத் தொகைக்காக மாதக் கணக்கில் பேச்சு நடந்தது. 2022 ல் வேலைநிறுத்தமும் நடந்தது. அத்தனை பேர் ஒன்றாக நின்றும் அவ்வளவு பாடு! பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையில் தனி ஆள் என்ன செய்வார்?

முதலாளிகள் எல்லோரும் கெட்டவர்கள் அல்ல. ஆர்டர் இல்லை, பாங்கிக் கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் சின்ன முதலாளியும் பாவம்தான். ஆனால் கொடுக்க முடியாததைக் கொடுப்பேன் என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவது கஷ்டம் அல்ல, மோசடி. கடைக்காரரிடம் கடனுக்கு அரிசி வாங்கி விட்டு, "நான் எப்போ வாங்கினேன்?" என்று கேட்டால் சும்மா விடுவார்களா?

என்ன செய்யலாம்?

கிராஜுவிட்டியை யாரும் தடுக்க முடியாது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் இருந்தவருக்கு, ராஜினாமா செய்தாலும் அது உண்டு. ஸ்டோர் கீப்பருக்கு 2 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் வர வேண்டும். 30 நாளில் தர வேண்டும். தாமதமானால் வட்டியும் சேர்த்துத் தர வேண்டும். தவணை என்பதெல்லாம் முதலாளி இஷ்டம் அல்ல. தராவிட்டால் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். பாக்கிச் சம்பளம் இரண்டு வேலை நாளில் கைக்கு வர வேண்டும்.

மேலே தருவதாகச் சொன்ன தொகைக்கு? எழுத்துதான் சாட்சி. கம்பெனி லெட்டர் தாளில் தொகை, தேதி, கையெழுத்து மூன்றும் வாங்க வேண்டும். தர மறுத்தால், "நீங்கள் இன்று சொன்னபடி இவ்வளவு தொகை" என்று வாட்ஸ்அப்பிலாவது அனுப்பி வைக்க வேண்டும். வரும் பதில் ஒரு நாள் உதவும். 18 ஆயிரத்துக்கு மேல் சம்பளம் வாங்கும் சூப்பர்வைசர்கள் இதில் இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவர்களுக்கு ஆட்குறைப்புச் சட்டம் துணைக்கு வராது. அந்த ஒரு தாள்தான் துணை.

ராஜினாமா எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், "இன்ன தொகை பெற்றுக் கொண்டு விலகுகிறேன்" என்று எழுதலாம். செக்கை வாங்கிக் கொண்டு கடிதத்தை நீட்டலாம். இதற்கு மறுக்கிற முதலாளி, பணம் தரப் போவதில்லை என்று அர்த்தம்.

தொழிலாளர் துறையும் சும்மா இருக்கக் கூடாது. குறைந்த நாட்களில் ஒரே கம்பெனியில் பத்துப் பேர் "சொந்த விருப்பத்தின் பேரில்" விலகினால், அது என்ன விருப்பம் என்று அதிகாரிகள் நேரில் போய்க் கேட்க வேண்டாமா? ஆட்குறைப்பு இழப்பீடு எவ்வளவு என்று தொழிற்பேட்டை வாசல்களில் ஒரு போர்டு வைக்க எத்தனை ரூபாய் ஆகும்?

ஸ்டோர் கீப்பர் இப்போது கிராஜுவிட்டிக்கு மனு போட்டு விட்டுக் காத்திருக்கிறார். கடையைத் திறக்க முடியவில்லை. வட்டி மட்டும் மாதம் தவறாமல் ஓடுகிறது.

அவருக்கு நேர்ந்தது நாளை இன்னொருவருக்கு நேரக் கூடாது. மானேஜர் காபி வரவழைத்தால் குடிக்கலாம். பேனாவை மட்டும், காசைப் பார்த்த பிறகு திறக்க வேண்டும்!