லேட்டஸ்ட் வெர்ஷன் எல்லோருக்கும் ஏற்றதா?

ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் புதூர்நாடு. 2023 இறுதியில் அங்குள்ள தம்பியின் கம்ப்யூட்டரில் உபுண்டு லினக்ஸ் 23.10 பதிப்பை இன்ஸ்டால் செய்து கொடுத்தேன். அப்போது அதுதான் லேட்டஸ்ட். 2024 ஜூலையில் அதற்கான பாதுகாப்பு அப்டேட்கள் நின்று விட்டன. அடுத்த பதிப்புக்கு மாற ஜி.பி. கணக்கில் டவுன்லோட் செய்ய வேண்டும். வீட்டில் கிடைக்கும் சிக்னலில் அது முடியவில்லை. தம்பி சி.பி.யூ.வைத் தூக்கிக் கொண்டு பஸ் ஏறித் திருப்பத்தூருக்கு இறங்கினான். தவறு என்னுடையது.

உபுண்டுவின் பதிப்பு எண் வருடத்தையும் மாதத்தையும் குறிக்கும். 23.10 என்றால் 2023 அக்டோபர். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வரும். சாதாரணப் பதிப்புக்கு 9 மாதம்தான் அப்டேட். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும் எல்.டி.எஸ். பதிப்புக்கு 5 வருடம்.

ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களைப் பொதுவாகக் கிளைகளாகப் பிரித்து வளர்க்கிறார்கள். ஒரு கிளையில் புதிய வசதிகள் சேரும். வெளியீட்டுக்கான கிளையில் பிழைகளை மட்டும் திருத்துவார்கள். டெபியன் லினக்ஸில் 'ஸ்டேபிள்' என்பது இப்படிப் பக்குவப்பட்ட பதிப்பு. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு டெபியன்தான் அடிப்படை.

புதியதைச் சோதித்துப் பார்க்கவும் ஆட்கள் வேண்டும். அதைக் கெட்டால் சரிசெய்யத் தெரிந்தவர்கள் செய்யட்டும்.

தம்பியின் கம்ப்யூட்டரில் இப்போது 24.04 எல்.டி.எஸ். உள்ளது. 2029 வரை கவலையில்லை. உங்களுக்கு யாராவது 'லேட்டஸ்ட்' போட்டுத் தர வந்தால், எந்த வருடம் வரை அப்டேட் வரும் என்று முதலில் கேளுங்கள்.