விலங்கோடு ஒரு திருவருகைக் காலம்

கடவுள் கூட இருந்தால் கஷ்டம் வராது என்றுதான் பலரும் நம்புகிறார்கள். ஆண்டவர் உடனிருக்கிறார் என்று மரியாவிடம் சொன்ன கபிரியேல் தூதர், கஷ்டம் வராது என்று சொல்லவே இல்லை. சேதியைச் சொல்லிவிட்டுப் போயும் விட்டார்!

ஜெர்மனியில் ஆல்பிரட் டெல்ப் என்று ஓர் இயேசு சபைக் குரு. ஹிட்லரை எதிர்த்த குழுவில் இருந்ததால் 1944-ல் கைதானார். அந்த வருடத் திருவருகைக் காலம் பெர்லின் டேகல் சிறையில் (குடில், கேக் எதுவும் கிடையாது). விலங்கு மாட்டிய கையாலேயே திருவருகைச் சிந்தனைகளைத் துண்டுக் காகிதங்களில் எழுதினார். அழுக்குத் துணியோடு அவை வெளியே போயின. சபையை விட்டால் விடுதலை என்றார்கள், மறுத்தார். டிசம்பர் 8 அன்று சிறையிலேயே இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தார். 1945 பிப்ரவரி 2-ல் தூக்கிலிட்டார்கள். வயது 37.

கடவுள் கைவிட்டுவிட்டாரா? தப்பிக்க வைப்பதுதான் உடனிருப்பதற்கு அடையாளம் என்றால், ஆமாம். டெல்ப் அப்படிக் கணக்குப் போடவில்லை. போட்டிருந்தால் அந்த வார்த்தைப்பாட்டைக் கொடுத்திருக்கவே மாட்டார்.