அழுத்தமா? காற்றோட்டமா?

(இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவன்)

வாயுச் சமன்பாட்டை மனப்பாடம் செய்து, தேர்வறையிலேயே அதனை விட்டுவிட்டு வருபவர்கள் நாம். அதே சமன்பாட்டை நம்பித்தான் சாலையில் எத்தனையோ வண்டிகள் ஓடுகின்றன என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் என் சித்தப்பாவின் பட்டறையில் அறிந்தேன்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். எஞ்சினுக்குள் புகும் காற்றின் அளவை அறிய இரு வழிகள் உண்டு. 1967-இல் போஷ் நிறுவனம் கொணர்ந்த டி-ஜெட்ரானிக் முறை, உட்குழாயின் அழுத்தத்தை அளந்தது. 1974-இல் வந்த எல்-ஜெட்ரானிக் காற்றோட்டத்தையே அளந்தது. 'டி' ஜெர்மன் மொழியில் அழுத்தத்தையும், 'எல்' காற்றையும் குறிக்கும் சொற்களின் முதலெழுத்துகள்.

அழுத்த சென்சார் காற்றை நேரே எடை போடுவதில்லை. அழுத்தம், வெப்பநிலை, எஞ்சினின் வேகம் ஆகியவற்றுடன், சிலிண்டர் எவ்வளவு நிரம்பும் என்று முன்கூட்டியே எழுதி வைத்த அட்டவணையையும் கொண்டு கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. கேம் ஷாஃப்டை மாற்றினால் அட்டவணை பொய்த்துப்போகும். காற்றோட்ட சென்சாரிலோ சூடான மெல்லிய கம்பி ஒன்று உண்டு. காற்று அதைக் குளிர்விக்க, சூடு குறையாமல் காக்கத் தேவைப்படும் மின்னோட்டமே காற்றின் நிறையைச் சொல்லிவிடும். அப்படியாயின் நேரே அளப்பதுதானே மேல்? நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

ஒருநாள் ஐடிலில் திணறும் கார் ஒன்று வந்தது. வேறோரிடத்தில் பெரும் பணம் செலவிட்டுக் காற்றோட்ட சென்சாரை மாற்றியும் பயனில்லை என்று உரிமையாளர் புலம்பினார். பத்தாம் வகுப்பைத் தாண்டாத சித்தப்பா, சென்சாருக்குப் பின்னுள்ள ரப்பர் குழாயைத் தடவிப் பார்த்து, "இங்கே பாருடா தம்பி" என்றார். அடிப்புறத்தில் ஒரு விரிசல்! அதன் வழியே புகுந்த காற்று சென்சாரின் கணக்கில் வரவில்லை, பெட்ரோல் குறைந்தது, எஞ்சின் திணறியது. அழுத்த சென்சார் இந்த விரிசலால் ஏமாந்திராது. புகைக்குழாயின் ஆக்சிஜன் சென்சார் சிறு பிழைகளைத் திருத்தும். பெரும்பிழையைத் திருத்த இயலாது.

புழுதி மிகுந்த சாலைகளில் அந்தச் சூடான கம்பியில் தூசு படிந்தாலும் அளவு பிசகும். ஆகவே நம் சாலைகளுக்கும் சிறு பட்டறைகளுக்கும் அழுத்த முறையே ஏற்றது என்பது என் துணிபு. ஆனால் எஞ்சினை மாற்றியமைப்போர் அட்டவணையையும் பொறுமையாகத் திருத்தியாக வேண்டும். அதற்குப் பொறுமையற்றவர்களுக்குக் காற்றோட்ட முறையே நலம்.

எந்தக் கருவியும் தன்னைக் கடந்து செல்வதை மட்டுமே அளக்கும். கருவியைக் குறை சொல்லுமுன் குழாயைத் தடவிப் பார்க்கும் பழக்கம் நமக்கு எப்போது வரும்? நம் ஆய்வகத்தில் பழைய எஞ்சின் ஒன்றை வைக்கப் பேராசிரியப் பெருமக்கள் ஆவன செய்தால், அச்சமன்பாடு தேர்வறையோடு நின்றுவிடாது.