கூகுள் இல்லாத ஆண்ட்ராய்டு... தினசரி வாழ்க்கைக்கு செட் ஆகுமா?

ஆண்ட்ராய்டு போன்னாலே கூகுளும் கூடவே வரணுமா? அவசியமில்லை பாஸ்! ஆண்ட்ராய்டின் அடிப்படை கோடு ஓப்பன் சோர்ஸ். அதிலிருந்து பிறந்தவைதான் லினேஜ் ஓ.எஸ், கிராஃபீன் ஓ.எஸ் போன்றவை.

கிராஃபீனையே எடுத்துக்கோங்க. டார்ச் ஆப்புக்கு எதுக்கு இன்டர்நெட்? செட்டிங்ஸில் கட் பண்ணிடலாம். ப்ளே ஸ்டோர் வேணுமா? அதையும் போட்டுக்கலாம். ஆனா, மற்ற ஆப்களைப் போலத்தான்; ஸ்பெஷல் அதிகாரம் கிடையாது. காமெடி என்னன்னா, இதற்காகப் பலரும் வாங்கியது கூகுளின் பிக்ஸல் போனைத்தான்!

சிக்கல், பணம் அனுப்பும்போது வரும். 'ப்ளே இன்டெக்ரிட்டி' சோதனை மூலம், 'இது கூகுள் சான்று பெற்ற சிஸ்டமா?' என்று சில வங்கி ஆப்கள் பார்க்கும். இல்லைன்னா வேலை செய்யாது. அப்டேட் நின்றுபோன பழைய போன்கூட இதில் பாஸ் ஆகலாம். அடிக்கடி அப்டேட் ஆகும் கிராஃபீன் ஃபெயில் ஆகலாம். அப்போ சோதிக்கப்படுவது பாதுகாப்பா, கூகுளின் முத்திரையா? டீக்கடை வரை யு.பி.ஐ வந்துவிட்ட ஊரில் இது முக்கியமான கேள்வி.

மாறணும்னு ஆசையா? முதலில் உங்க வங்கி ஆப் அதில் ஓடுமான்னு தேடிப் பாருங்க. பழைய போனை உடனே விற்றுடாதீங்க. மாற மனசில்லையா? இருக்கிற போனிலேயே விளம்பர ஐடியை டெலிட் பண்ணுங்க, தேவையில்லாத பர்மிஷன்களைத் தூக்குங்க. அதுவே நல்ல தொடக்கம்தான்!