இந்தக் கணக்கை நம்பித் திருச்சிக்கு வராதீர்கள்

சென்னையில் வாடகை கொடுத்தே களைத்துப்போன முப்பது, முப்பத்தைந்து வயதுக்காரர்களுக்கு இப்போது ஒரு புத்திமதி இலவசமாகக் கிடைக்கிறது. "எதுக்குப்பா அங்க கெடந்து அல்லாடுற? திருச்சி, மதுரை, சேலம்னு ஒரு ஊரப் பாத்து செட்டில் ஆயிடு. செலவு பாதி, நிம்மதி டபுள்." சொல்பவர் பெரும்பாலும் ஒரு சித்தப்பாவாகவோ மாமாவாகவோ இருப்பார். ஊரில் சொந்த வீடும், மாதம் பிறந்தால் பென்ஷனும் உள்ளவராகவும் இருப்பார்.

நான் திருச்சிக்காரன். ஊர்மேல் எனக்கு எந்த மனக்குறையும் கிடையாது. ஆனால் இதை மலிவு விலைச் சென்னை என்று விற்கிறார்களே, அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி சென்னையும் சுற்றுப்புறமும் சேர்ந்து 86 லட்சம் பேர். திருச்சியும் சுற்றுப்புறமும் 10 லட்சத்துச் சொச்சம். எட்டில் ஒரு பங்கு ஊர். அதற்காக இங்கே எல்லாமே எட்டில் ஒரு பங்கு இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பல விஷயங்கள் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அந்த ஒன்று நன்றாக இருக்கும்வரை குறை எதுவும் தெரியாது. அது ஒத்துவரவில்லை, அடுத்ததைப் பார்ப்போம் என்று கிளம்பும்போதுதான் விஷயம் புரியும்.

முதலில் அந்தச் "செலவு பாதி". வாடகை குறைவு என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அது குறைவு என்பது உங்கள் மாமாவுக்குத் தெரிந்ததைவிட மத்திய அரசுக்கு நன்றாகத் தெரியும். வீட்டு வாடகைப் படிக்காக ஊர்களை எக்ஸ், ஒய், இசட் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். சென்னை எக்ஸ், திருச்சி ஒய். ஏழாவது ஊதியக் குழுக் கணக்கில் 2024 ஜனவரி முதல் எக்ஸ் ஊருக்கு 30 சதவீதம், ஒய் ஊருக்கு 20 சதவீதம். அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் 18,000 வாங்கியவர் திருச்சிக்கு மாற்றலாகி வந்தால் 12,000தான் வாங்குவார். வாடகையில் மிச்சம் பிடிப்பதற்கு முன்பே 6,000 ரூபாய் போயாயிற்று. அரசாங்கமாவது இதைச் சொல்லிவிட்டுச் செய்கிறது. தனியாரில் ஊர்ப் பெயரைக் கேட்டதுமே சம்பளப் பேச்சு தானாக இறங்கிவிடும்.

வாடகையைத் தவிர வேறு எது குறைகிறது? சிலிண்டர் விலை ஏறக்குறைய அதேதான். போன் ரீசார்ஜ் அதேதான். கார் கடனுக்குக் கட்டும் மாதத் தவணை ஊர் பார்த்துக் குறையாது. பெட்ரோல் லிட்டருக்குச் சில காசுகள் இங்கே கூடவே இருக்கும். கரண்ட் கட்டண விகிதம் தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான், ஆனால் சென்னைக்குச் சாயங்காலம் கடல்காற்று வரும். இங்கே மார்ச் கடைசியில் போட்ட ஏசியை ஆகஸ்டில்கூட அணைக்க மனசு வராது. ஆக, குறைவது ஒரே ஓர் இனம். அது பெரிய இனம்தான், ஆனால் பாதிச் செலவு அல்ல.

அடுத்தது போக்குவரத்து. "அங்க டிராஃபிக்கே இல்லப்பா, பத்து நிமிஷத்துல எங்க வேணா போயிடலாம்" என்பார்கள். பைக் வைத்திருக்கும் ஆணுக்கு இது ஓரளவு சரி. பைக் ஓட்டாத அம்மாவுக்கும், ஸ்கூட்டி ஓட்டத் தெரியாத மாமியாருக்கும், டியூஷன் போகும் பிள்ளைக்கும் என்ன வழி? சென்னையில் மின்சார ரயில், மெட்ரோ, மாநகரப் பேருந்து என்று ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று. இங்கே பேருந்து மட்டும்தான். அதிலும் ஒரு சங்கதி உண்டு. 2021இல் வந்த பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் அரசின் சாதாரண நகரப் பேருந்துக்குத்தான். சென்னையில் டவுன் பஸ் என்றாலே பெரும்பாலும் அரசு பஸ் என்பதால் பிரச்சினை இல்லை. திருச்சியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே தனியார் டவுன் பஸ்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக வரும். அரசு பஸ்ஸுக்குக் காத்திருப்பதா, வந்து நிற்பதில் காசு கொடுத்து ஏறுவதா என்று வெயிலில் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு யோசிக்கும் பெண்களை எந்த நிறுத்தத்திலும் பார்க்கலாம். கடைசியில் குடும்பத்துக்கு இரண்டாவது வண்டி வாங்குகிறோம். வாடகை மிச்சத்தில் அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீரங்கத்தையும் சத்திரத்தையும் இணைக்கும் காவிரிப் பாலத்தைப் பழுது பார்க்க 2022 கடைசியில் மூடினார்கள். 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். பத்து நிமிடத்துக் கதை சொல்பவர்கள் அந்த மாதங்களில் ஸ்ரீரங்கத்திலிருந்து பைபாஸைச் சுற்றிக்கொண்டு டவுனுக்கு வந்தவர்களைக் கேட்டுப் பார்க்கட்டும்.

இனி வேலை. புத்திமதிக்காரர்கள் சறுக்கும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

"இப்பல்லாம் எங்க இருந்து வேணாலும் வேலை பாக்கலாமே" என்பது கொரோனாக் காலத்துப் பேச்சு. 2023 அக்டோபரில் டிசிஎஸ் தன் ஊழியர்களை வாரம் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வரச் சொன்னது. மற்றவர்களும் மூன்று நாள், நான்கு நாள் என்று இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். வீட்டிலிருந்து வேலை என்பது மேனேஜர் தரும் சலுகை. அந்த மேனேஜர் மாறினால் சலுகையும் மாறும். அதை நம்பி வீடு மாற்றுவது வேறு, வாழ்க்கையை மாற்றுவது வேறு.

"அங்கேயே வேலை கிடைக்குமே, பெல் இருக்கு, என்ஐடி இருக்கு" என்பது அடுத்த வாதம். இருக்கிறது. ரயில்வேக்குப் பொன்மலைப் பணிமனை, 1960களில் வந்த பெல், துப்பாக்கித் தொழிற்சாலை, 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய இன்றைய என்ஐடி. திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் வளர்ந்ததே இவற்றால்தான். ஆனால் இந்த நிறுவனங்கள் உருவாக்கிய ஊர் எப்படிப்பட்டது? ஆண் ஒருவர் வேலைக்குச் சேருவார், அதே இடத்தில் ரிட்டயர் ஆவார். கைலாசபுரத்தில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். மனைவி படித்தவராக இருந்தால் பெரும்பாலும் டீச்சர் வேலைக்குப் போவார். ஒரு சம்பளத்தில் ஒரு குடும்பம் என்ற கணக்குக்காகத் தைத்த சட்டை அது. அன்று பொருந்தியது. பிறகு அனல்மின் நிலையங்களுக்கான ஆர்டர் குறைந்தபோது, பெல்லை மட்டுமே நம்பி ஃபேப்ரிகேஷன் செய்துவந்த துவாக்குடிப் பட்டறைகள் ஆட்டம் கண்டன. வெல்டர்கள் கைத்தொழிலை வைத்துக்கொண்டு வளைகுடாவுக்கும் வேறு ஊர்களுக்கும் கிளம்பினார்கள். வேலை தெரிந்த ஆட்கள் இருந்தார்கள், இயந்திரம் இருந்தது. வேலை கொடுக்க இன்னொரு பெல்தான் இல்லை.

என் தெருவில் மாடி வீட்டுக்கு வேளச்சேரியிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்கு வங்கி வேலை, மாற்றல். மனைவிக்கு அங்கே மென்பொருள் டெஸ்டிங்கில் நல்ல பொறுப்பு. நவல்பட்டில் எல்காட் ஐடி பூங்கா இருக்கிறதே என்று நானும்தான் சொன்னேன். 2010 முதல் இருக்கிறது, நிறுவனங்களும் இருக்கின்றன. அவர் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். விண்ணப்பித்த இடங்களை வரிசையாக எழுதி வைத்திருந்தார். வரிசை அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. "அங்கிள், சென்னையில ஒரு இடத்துல முடியலன்னா அதே ரோட்டுல எதிர்த்த பில்டிங்குல இன்டர்வியூ போவேன். இங்க இந்த அரைப் பக்கத்துக்கு அப்புறம் அனுப்ப இடமே இல்ல" என்றார். இப்போது ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறார். பழைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. வாடகையில் அவர்களுக்கு மிச்சம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: "வாடகைல மிச்சமாகுறது என் பழைய சம்பளத்துக்குப் பிடிச்ச டேக்ஸ் அளவு கூட இல்ல."

புத்திமதி சொல்பவர்கள் வாடகை ரசீதைப் பார்க்கிறார்கள், இந்த அரைப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருப்பதற்குக் காரணமும் உண்டு. அந்த வேலையைக் குடும்பக் கணக்கில் ஒரு வேலையாகவே அவர்கள் வைக்கவில்லை. "அவ அங்க ஏதாவது பாத்துக்குவா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த "ஏதாவது" என்ன என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. இரண்டு பேரும் ஆசிரியர்கள், இரண்டு பேருமே மாற்றல் வாங்கக்கூடிய அரசு ஊழியர்கள், அல்லது கையில் சொந்தத் தொழில் இருக்கிறது என்றால் எனக்கு வாதமே இல்லை, தாராளமாக வரலாம்.

"எல்லா வசதியும் இருக்கு, பெரிய பெரிய ஆஸ்பத்திரி வந்தாச்சு" என்பதையும் பார்ப்போம். இதில் பாதிக்கு மேல் உண்மை. காவேரி மருத்துவமனைக் குழுமமே 1999இல் இங்கே தொடங்கி, பிறகுதான் சென்னைக்குப் போனது. பிரசவம், இதயம், எலும்பு, சிறுநீரகம் எதற்கும் யாரும் இப்போது சென்னைக்கு ஓடுவதில்லை. சிக்கல் எங்கே என்றால், டாக்டர் ஆபரேஷன் என்று சொன்ன மறுநாள். "எதுக்கும் இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டிடலாம்" என்று கிளம்புவோம். நரம்புக்கோ குழந்தைகளின் அபூர்வ நோய்க்கோ சிறப்பு மருத்துவரைத் தேடினால், வேறு ஆஸ்பத்திரியின் பெயர்ப் பலகையிலும் அதே டாக்டர் பெயர் இருக்கும். காலையில் அங்கே, மாலையில் இங்கே. அவரிடமே போய் அவர் சொன்னது சரியா என்று கேட்க முடியாது. அப்போது வேலூருக்கோ சென்னைக்கோதான் வண்டி ஏற வேண்டும். வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு 330 கிலோமீட்டர். வந்தே பாரத்தில் நான்கு மணி நேரத்தில் போய்விடலாம் என்பது சரிதான், நினைத்த நாளில் சீட்டு கிடைத்தால்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் முழு மதிப்பெண் கொடுத்துவிடுகிறேன். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடங்கள் வரிசை கட்டிய நாட்களில், காவிரி, கொள்ளிடப் படுகைக் கிணறுகளிலிருந்து இங்கே தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. இதற்கு மறுப்பு கிடையாது. ஆற்றங்கரை ஊருக்கு ஆற்றின் தொல்லையும் உண்டு என்பதற்கு 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் அடித்துக்கொண்டு போன 9 மதகுகள் சாட்சி. ஆனால் அதைச் சொல்லிப் பயமுறுத்த மாட்டேன். டிசம்பரில் சென்னை படும் பாடு எனக்கும் தெரியும்.

நிம்மதி? இது அளக்க முடியாத சரக்கு, அதனால் விற்பது சுலபம். வாடகைக்கு வீடு பார்க்கப் போய் "நீங்க சைவமா?" என்று வாசலிலேயே கேட்டு, "ஊர் எது? எந்தப் பக்கம்?" என்று அடுத்த கேள்விக்குத் தாவும் வீட்டுக்காரரிடம் நின்றவர்களுக்கு அந்த நிம்மதியின் விலை தெரியும். சென்னையிலும் இப்படிக் கேட்கும் தெருக்கள் நிறைய. அங்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த ஏரியாவுக்குப் போகலாம். இங்கே அலுவலகத்துக்குப் பக்கம், பள்ளிக்கூடத்துக்குப் பக்கம் என்று வட்டம் போட்டால் வட்டத்துக்குள் வருவதே நாலைந்து தெரு. தனியாக இருக்கும் பெண் என்றால் அதிலும் பாதி கழிந்துவிடும்.

"வீடு வாங்கிப் போட்டுடு, பஞ்சப்பூர் பக்கம் விலை எங்கயோ போகப் போகுது" என்பது இப்போதைய சூடான பேச்சு. 2025இல் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் வந்ததும் மனை விற்பவர்கள் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள். டிடிசிபி அப்ரூவல், முப்பதடி ரோடு, எல்லாம் சரி. விலை ஏறவும் ஏறலாம். ஆனால் ஏறிய விலை கைக்கு வர ஒருவர் வாங்க வேண்டும். அவசரத்துக்கு விற்கப் போனால் பணத்தோடு வரும் ஆட்கள் இங்கே குறைவு. இரண்டு பேர் போட்டி போட்டால்தானே விலை நிற்கும்? ஒருவரே வந்தால் அவர் சொன்னதுதான் விலை.

கடைசியாக வருவது, "பிடிக்கலன்னா திரும்பிப் போயிடலாமே" என்ற ஆறுதல். போகலாம்தான். அதற்குள் சென்னையில் நீங்கள் விட்டு வந்த வீட்டின் வாடகை ஏறியிருக்கும். பையனுக்கு ஆறாம் வகுப்பில் இடம் கேட்டால் எல்கேஜியிலேயே நிரம்பிவிட்டது என்பார்கள். மனைவியின் பயோடேட்டாவில் இரண்டு வருட இடைவெளி எதற்கு என்று கேட்பார்கள். போகும்போது இருந்த அதே இடத்துக்குத் திரும்ப வருவதில்லை, நான்கு படி கீழேதான் வருகிறோம்.

இவ்வளவுக்குப் பிறகும் வரத்தான் போகிறேன் என்பவர்கள் மனையை மறந்துவிட்டு முதலில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு வாருங்கள். முடிந்தால் அந்த வருடம் மட்டும் இருவரில் ஒருவர் சென்னை வேலையை விட்டுவிடாமல் இருக்க வழி பாருங்கள். தில்லைநகரிலேயே வீடு வேண்டும் என்று அடம் பிடிக்காமல் புத்தூர், உறையூர் பக்கம் தேடுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள்.